ஏரிச் சேற்றில் ஓடும் திருகு வண்டி: விநோதப் போர் வாகனம் ஒன்றை வீட்டில் செய்து பார்க்கும் வழி

மழைக்காலம் முடிந்து தண்ணீர் பின்வாங்கும்போது சேலத்து மூக்கனேரியின் ஓரம் ஒரு மாதிரி ஆகிவிடும். மேலே பார்த்தால் காய்ந்த தரை, காலை வைத்தால் கணுக்கால் வரை உள்ளே இழுக்கும் களி. அப்படியொரு ஏரிக்கரையில் டிராக்டரின் பின்சக்கரம் சுற்றச் சுற்றப் புதைந்துகொண்டே போனதை என் அண்ணன் மகளோடு நின்று ஒரு மாலை முழுக்க வேடிக்கை பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண். "சித்தப்பா, சக்கரமே இல்லாத வண்டியாக இருந்தால்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்துதான் இந்த வண்டி வந்தது.

சக்கரமும் இல்லாமல், டாங்கியின் சங்கிலிப் பட்டையும் இல்லாமல், இரண்டு பெரிய திருகுகளின் மேல் உட்கார்ந்து போகும் வாகனத்தை இராணுவங்கள் உண்மையாகவே செய்து பார்த்திருக்கின்றன. இதற்கு அமெரிக்காவில் 1868-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். 1920-களில் ஃபோர்ட்சன் டிராக்டருக்கு அடியில் இரண்டு திருகு உருளைகளை மாட்டிப் பனியில் ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் நார்வேயின் பனியில் தாக்குதல் நடத்த இதுவே சரியான வண்டி என்று ஜெஃப்ரி பைக் என்ற ஆங்கிலேயர் வாதாடினார். அந்தத் திட்டம் கடைசியில் வீசல் என்ற பட்டைச் சக்கர வண்டியாக முடிந்தது. 1960-களில் கிரைஸ்லர் நிறுவனம் சதுப்பு நிலத்துக்கென்று ஒன்றைச் செய்தது. சோவியத் நாட்டில் விண்வெளியில் இருந்து திரும்பும் வீரர்களைச் சதுப்பிலும் பனியிலும் தேடி எடுக்க ஜில்-2906 ஓடியது.

இதன் சிறிய மாதிரியைச் சேலத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்துச் செய்வது எப்படி என்பதுதான் கீழே. சில படிகளில் அந்தப் படியைக் கோட்டைவிட்ட ஒரு நிஜ வாகனத்தைப் பற்றியும் சொல்கிறேன். நமக்கு விளையாட்டு, அவர்களுக்கு அரசாங்கக் கணக்கில் எழுதிய நட்டம்.

முதல் படி: மரையைப் புரிந்துகொள்வது

சாதாரண போல்ட் ஒன்றை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். அதன் மரை இடமிருந்து வலமாக மேலே ஏறும். இது வலமரை. சைக்கிளில் இடது பெடலைக் கழற்றியவர்களுக்கு இடமரை தெரிந்திருக்கும், அங்கே எல்லாம் தலைகீழ்.

வண்டிக்கு இரண்டு உருளைகள். ஒன்றில் வலமரை, மற்றதில் இடமரை. பின்னால் நின்று பார்க்கும்போது வலமரை உருளை கடிகாரச் சுற்றாகவும், இடமரை உருளை அதற்கு எதிராகவும் சுழன்றால் இரண்டும் சேற்றைப் பின்னுக்குத் தள்ளி வண்டியை முன்னுக்கு நகர்த்தும். உருளை சுழலும்போது பக்கவாட்டிலும் உருளப் பார்க்கும் அல்லவா? எதிரெதிராகச் சுழல்வதால் ஒன்றின் பக்க இழுப்பை மற்றது அடக்கிவிடும்.

பின்னிருந்து பார்த்தால் வலமரையை இடது கையின் பக்கம் வையுங்கள். அப்போது உருளைகள் வெளிப்பக்கமாகச் சேற்றைத் தூக்கும். மாற்றி வைத்தால் இரண்டுக்கும் நடுவில் சேறு எழுந்து மோட்டாரின் வயிற்றில் அப்பிக்கொள்ளும். பின்னோக்கி ஓட்டும்போது எப்படியும் அது நடக்கும், ஆனால் குறைந்த நேரம்தான்.

இரண்டாம் படி: எடைக் கணக்கு

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் பென்சிலை எடுங்கள். 75 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிவிசி குழாயில் 40 செ.மீ. நீளத் துண்டுகள் இரண்டு. ஒன்றின் கன அளவு ஏறக்குறைய 1,767 கன செ.மீ., இரண்டும் சேர்ந்து 3,534. உருளை பாதி மூழ்கி மிதக்க வேண்டுமானால் மொத்த வண்டியும் 1,767 கிராமைத் தாண்டக் கூடாது. பாதிக்கு மேல் மூழ்கினால் அச்சு தண்ணீருக்குள் போய்விடும்.

நான் முதலில் போட்டது பழைய ஈய அமில பேட்டரி. வீட்டில் சும்மா கிடந்ததே என்ற சபலம். வண்டி 2 கிலோவைத் தாண்டியது, தொட்டியில் விட்டதும் எருமைபோல முதுகு மட்டும் தெரியப் படுத்துவிட்டது. மூன்று லித்தியம் செல்கள் சேர்ந்த 12 வோல்ட் கட்டு 150 கிராம்தான். அதை மாற்றியதும் மொத்தம் 1,650-க்குள் வந்தது. கட்டை வாங்கும்போது பாதுகாப்புச் சுற்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

எடையை மதிக்காததற்குப் பெயர் பெற்றது ஜெர்மனியின் மவுஸ் டாங்கி. 188 டன். பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சின் மின்னாக்கியைச் சுற்ற, அந்த மின்சாரம் மோட்டார்களை ஓட்ட வேண்டும் என்ற ஏற்பாடு. அந்த எடையைத் தாங்கும் பாலம் கிடைக்காது என்பதால் ஆற்றின் அடித்தரையிலேயே மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு போகட்டும் என்று திட்டமிட்டார்கள். ஓடும் நிலைக்கு வந்த மாதிரிகள் இரண்டே.

எடை மட்டுமே எதிரி அல்ல, அது எவ்வளவு பரப்பில் உட்காருகிறது என்பதே கேள்வி. 1959-இல் சோவியத் நாடு செய்த ஆப்ஜெக்ட் 279 என்ற டாங்கி 60 டன் கனம். ஆனால் அடியில் இரண்டுக்குப் பதில் நான்கு பட்டைகள், கிட்டத்தட்ட அடிவயிறு முழுவதையும் மூடியபடி. சதுர செ.மீ.க்குச் சுமார் 0.6 கிலோதான் அழுத்தம். நீங்கள் வாசலில் நிற்கும்போது உங்கள் பாதம் தரையை அழுத்துவதும் அந்த அளவை ஒட்டித்தான் வரும். அதன் உடல் கவிழ்த்த தாம்பாளம்போல விளிம்பு மெலிந்து இருந்தது. அணுகுண்டின் காற்றலை வண்டியைப் புரட்டிப் போடாமல் மேலே வழுக்கிப் போகட்டும் என்பது எண்ணம். எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்த வண்டி இதுதான். திரும்புவதில் அது பட்ட பாடு வேறு கதை.

மூன்றாம் படி: திருகு இதழ்கள்

இதழ் என்று நான் சொல்வது உருளையைச் சுற்றி மரையாக ஏறும் தகட்டு விளிம்பை. இங்கேதான் பொறுமை வேண்டும். எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

முதலில் கோடு. 23.6 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் ஒரு தாள் வெட்டுங்கள். 23.6 என்பது குழாயின் சுற்றளவு. தாளின் இரண்டு பக்க ஓரங்களிலும் கீழிருந்து 8 செ.மீ.க்கு ஒரு புள்ளி. இடது ஓரத்தின் அடிப்புள்ளியை வலது ஓரத்தில் 8-இல் உள்ள புள்ளியோடு சேருங்கள், இடது 8-ஐ வலது 16-ஓடு, இப்படியே மேலே வரை. ஐந்து சாய்ந்த கோடுகள் கிடைக்கும். தாளைக் குழாயில் சுற்றினால் ஓரங்கள் சந்திக்கும் இடத்தில் கோடும் கோடும் சேர்ந்து ஒரே மரையாக ஓடும். இது வலமரை. ஊசியால் குத்திக் குழாயில் அடையாளம் இடுங்கள்.

இரண்டாவது குழாய்க்கு அதே தாளைப் புரட்டி, கோடு உட்பக்கம் இருக்கும்படி சுற்ற வேண்டும். அப்போதுதான் இடமரை வரும். நான் புரட்ட மறந்தேன். இரண்டு உருளைகளிலும் வலமரை. இதழ் ஒட்டி, மூடி போட்டு, மோட்டார் மாட்டி, சேற்றில் விட்ட பிறகுதான் தெரிந்தது. வண்டி முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே அம்மிக் குழவிபோலச் சுற்றியது. ஒரு உருளை முன்னே தள்ள, இன்னொன்று பின்னே தள்ளியது. "அன்றைக்கே கேட்டேன், இரண்டும் ஒரே பக்கமாக ஏறுகிறதே என்று" என்றாள் அவள். கேட்டிருந்தாள்தான். நான்தான் காதில் வாங்கவில்லை.

இதழ்களுக்கு 110 மி.மீ. குழாயின் வீணான துண்டு போதும். நீளவாக்கில் அறுத்து, வெந்நீரிலோ வெப்பக்காற்று ஊதியிலோ இளக்கி, பலகைக்கு அடியில் வைத்துத் தட்டையாக்குங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். பிவிசி கருகினால் வரும் புகை நல்லதல்ல, நிறம் மாறும் முன்பே வெப்பத்தை நிறுத்திவிட வேண்டும்.

தகட்டில் வளையம் வெட்டும்போது பலரும் செய்யும் தவறு, குழாயின் 75 மி.மீ. விட்டத்தையே உள்வட்டமாக வைத்துக்கொள்வது. மரை ஏறுமுகமாகப் போவதால் ஒரு சுற்றின் நீளம் சுற்றளவைவிடக் கூடுதல். 8 செ.மீ. ஏற்றத்துக்கும் 12 மி.மீ. இதழ் உயரத்துக்கும் கணக்குப் போட்டால் உள்வட்டத்தின் ஆரம் 41.3 மி.மீ., வெளிவட்டத்தின் ஆரம் 53.3 மி.மீ. வளையத்தில் 15 பாகை அளவு ஒரு துண்டை வெட்டி நீக்கிவிட்டு, மீதியை இரண்டு கையாலும் பிடித்து எதிரெதிராக இழுத்தால் அது சரியாக ஒரு சுற்றாகக் குழாயில் உட்காரும். இழுக்கும் திசை வலமரைக்கு ஒன்று, இடமரைக்கு மற்றொன்று. மாவு ஆலைகளில் தானியம் நகர்த்தும் திருகையும் இந்த முறையில்தான் வளையம் வெட்டி இழுத்துச் செய்கிறார்கள். எனக்குக் கணக்கைத் திருத்திக் கொடுத்தவரும் லேத் பட்டறையில் அந்த வேலை பார்த்தவர்தான்.

உருளைக்கு ஐந்து, மொத்தம் பத்து வளையங்கள். ஓரத்தைச் சற்று இளக்கி, கோட்டின் மேல் வைத்து, குழாய் ஒட்டும் பிவிசி பசையால் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும்.

நான்காம் படி: மூடியும் அச்சும்

மூடியின் நடுவில் துளை பிசகாமல் விழ வேண்டும். கையால் துளைத்தால் உருளை தள்ளாடும். லேத்தில் கொடுத்து வாங்குவதே நல்லது. 6 மி.மீ. போல்ட்டை மூடியின் உட்பக்கமிருந்து வெளியே நீட்டி, இரண்டு பக்கமும் வாஷரும் நட்டும் இறுக்கி, உட்பக்கத் தலையை எபாக்சி பசையால் மூடிவிடுங்கள். வண்டி முன்னும் பின்னும் ஓடும் என்பதால் ஏதாவது ஒரு திசையில் நட்டு தானாகக் கழலும், பசை அதைத் தடுக்கும்.

மூடிகளை ஒட்டிய பின், பஞ்சர் கடைக்காரர் டியூபை முக்குவதுபோல உருளையைத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். ஒரு குமிழி வந்தாலும் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: மேடை, மோட்டார், சுவிட்ச்

30 செ.மீ. அகல ஒட்டுப்பலகை மேடை, அதன் முன்னும் பின்னும் கீழ்நோக்கி இறங்கும் கால்கள், காலுக்கு ஒரு பித்தளை புஷ், அதாவது அச்சு உள்ளே சுழலும் வளையம். உருளைகளின் மையங்களுக்கு இடையே 20 செ.மீ. விடுங்கள். கியர் உள்ள 12 வோல்ட், நிமிடத்துக்கு 100 சுற்று மோட்டார் இரண்டு. அவற்றை மேடையின் மேலே வைத்துப் பல் பெல்ட்டால் கீழே உள்ள அச்சைச் சுற்றுங்கள். அச்சோடு நேராக இணைப்பது எளிது, ஆனால் முதல் நாளே மோட்டார் தண்ணீர் குடித்துவிடும். சாதாரண ரப்பர் பெல்ட் நனைந்தால் வழுக்கும், பல் உள்ளதே வேண்டும்.

ஆறு கால் உள்ள, நடுவில் நிறுத்தம் உள்ள இருவழி சுவிட்ச் இரண்டு. நடுக்கால்களில் மோட்டார், ஒரு முனையில் பேட்டரி, அந்த முனையில் இருந்து மறுமுனைக்குக் குறுக்காக இரண்டு கம்பிகள். முன், நிறுத்தம், பின் மூன்றும் கிடைத்துவிடும். ஐந்து மீட்டர் கம்பி விட்டுக் கையில் வைத்துக்கொண்டால் ரிமோட் தேவையில்லை. பேட்டரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ் போடுங்கள். திருகு கல்லில் சிக்கி நின்றால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் கம்பியைச் சுட்டுவிடும்.

இரண்டு மோட்டார்களும் ஒரே வேகத்தில் ஓடுகின்றனவா என்று அச்சில் காகிதக் கொடி ஒட்டி ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒன்று 100, மற்றொன்று 90 என்றால் வண்டி நேரே போகாது. 1943-இல் பிரிட்டன் செய்த கிரேட் பாஞ்சாண்ட்ரம் இந்த இடத்தில்தான் கவிழ்ந்தது. 3 மீட்டர் உயரமுள்ள இரண்டு சக்கரங்கள், நடுவில் வெடிமருந்து உருளை, சக்கரத்தின் விளிம்பு முழுக்க ராக்கெட்டுகள். நம் ஊர்த் தீபாவளி தரைச்சக்கரத்தைப் பூதாகாரமாக்கி நிமிர்த்தி வைத்ததுபோல. கடற்கரையில் உருண்டு போய் எதிரியின் கான்கிரீட் சுவரை உடைக்க வேண்டும். ஒரு பக்கத்து ராக்கெட்டுகள் சில எரியாமலோ கழன்றோ போனதும் அது தன் போக்கில் திரும்பியது. 1944 ஜனவரியில், பார்க்க வந்திருந்த அதிகாரிகள் சிதறி ஓடும்படி ஆனதோடு திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். பட்டாசுச் சக்கரத்தை வாசலில் விட்டுப் பார்த்த எந்தச் சிறுவனும் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பான்.

ஆறாம் படி: சமநிலை

தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, முன்பக்கம் ஒரு விரற்கடை மட்டும் தூக்கி நிற்கும் இடத்தில் கட்டிவிடுங்கள். பின்பாரம் அதற்கு மேல் போகக் கூடாது.

ரஷ்யாவின் ஜார் டாங்கி இதற்குப் பாடம். முன்னால் 9 மீட்டர் விட்டத்தில் இரண்டு ஆரக்கால் சக்கரங்கள், அதாவது மூன்று மாடி வீட்டின் உயரம். பின்னால் 1.5 மீட்டர் உயரத்தில் சின்ன உருளை. 1915 ஆகஸ்டில் சோதனை. முன்சக்கரங்கள் மரத்தை முறித்துக்கொண்டு போயின, பின் உருளை மென்மையான மண்ணில் இறங்கிவிட்டது. வீழ்த்தப்பட்ட ஜெப்பலின் வான்கப்பலில் இருந்து எடுத்த எஞ்சின்கள் இருந்தும் இழுக்க முடியவில்லை. அங்கேயே கிடந்து, 1923-இல் இரும்புக்காக உடைக்கப்பட்டது. முன்சக்கரத்தைப் பார்த்து மயங்கியவர்கள் பின்சக்கரத்தின் கீழே இருந்த மண்ணைப் பார்க்கவில்லை.

ஏழாம் படி: நான்கு தரைகள்

வண்டி முடிந்ததும் ஒரே இடத்தில் ஓட்டிவிட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். சேலத்தைச் சுற்றி இதற்கென்றே படைத்ததுபோலப் பலவகைத் தரை இருக்கிறது.

முதலில் ஏரிக்கரைக் களி. கரையை ஒட்டிய இடத்தில் மட்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்க. எங்கள் வண்டி நிமிடத்துக்கு மூன்று மீட்டர் சொச்சம் போயிற்று. வழுக்கலே இல்லையென்றால் எட்டு மீட்டர் போக வேண்டும், மீதி சேற்றுக்குள் கரைந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் இரண்டு வாய்க்கால், வாய்க்காலின் சுவரில் கொலுசின் பின்னல்போல மரையின் தடம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் அதைக் காட்டினால் அச்சு எடுத்திருப்பார்கள். களியில் இருந்து தண்ணீருக்குள் இறங்கும்போதும் வேகம் தடைபடவில்லை. சக்கரமும் இல்லாமல் படகும் இல்லாமல் இரண்டின் வேலையையும் ஒரே உறுப்பு செய்யும் அழகை அங்கே பார்க்கலாம்.

இரண்டாவது தார்ச்சாலை. ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் ஓட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பஸ் போகும் பாதையில் அது வேண்டாம் என்று சொல்லி, தெருவிலேயே விட்டோம். இதழின் விளிம்பு தாரைச் சுரண்டியது, மோட்டார் முனகியது, வண்டி விரற்கடை விரற்கடையாக நகர்ந்தது. இரண்டு சுவிட்சையும் ஒரே சுழற்சிக்கு மாற்றியதும் நண்டுபோலப் பக்கவாட்டில் சரசரவென்று உருண்டு எதிர்வீட்டுக் கோலத்தின் மேல் ஏறிவிட்டது. கிரைஸ்லர் செய்த சதுப்பு வண்டியும் கெட்டித் தரையில் இப்படித்தான் தடுமாறியது. ஜில்-2906-ஐ வடிவமைத்தவர்கள் இந்தக் குறையோடு மல்லுக்கட்டவே இல்லை. ஆறு சக்கரமுள்ள ஜில்-4906 வண்டியின் முதுகில் அதை ஏற்றிக்கொண்டு போய், சதுப்பு தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டார்கள்.

மூன்றாவது ஏற்காட்டில் காபித் தோட்டத்தின் சரிவு, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு. ஈரச் சருகின் மேல் கொஞ்ச தூரம் ஏறியது. பிறகு சருகெல்லாம் மரையில் சுற்றிக்கொண்டு உருளை வெறும் உருளையாகிவிட்டது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவதுதான் விசேஷம். என் மைத்துனர் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் வேலை பார்க்கிறார். மரவள்ளிக் கிழங்கின் ஈர மாவு ஒரு வாளி கொண்டுவந்து கொடுத்தார். அகலமான தட்டில் கொட்டித் தண்ணீர் கலந்தோம். இந்த மாவுக்கரைசலை மெல்லத் தொட்டால் விரல் உள்ளே போகும், ஓங்கிக் குத்தினால் கல்லாக நிற்கும். திருகை முழு வேகத்தில் விட்டபோது மாவு இறுகிக்கொண்டது, உருளை அதன் மேல் ஏறித் துள்ளியது. பேட்டரிக் கட்டில் ஒரே ஒரு செல்லை மட்டும் இணைத்து மெல்ல ஓட்டியபோது மாவு இளகி வழிவிட, வண்டி தட்டின் மறுமுனை வரை நிதானமாகப் போயிற்று. வேகத்தைக் குறைத்தால்தான் நகரும் தரை ஒன்று உண்டு என்பதை மைத்துனர் நம்பவில்லை. தானே சுவிட்சை வாங்கி நான்கு முறை ஓட்டினார்.

எந்தத் தரையிலும் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க மறக்காதீர்கள். 1939-இல் அமெரிக்கர்கள் அண்டார்டிகாவுக்குக் கொண்டுபோன ஸ்னோ குரூசர் என்ற மாபெரும் வண்டி, 3 மீட்டர் உயர வழவழப்பான டயர்களோடு பனியில் முன்னே போக முடியாமல் திணறியது. பின்னோக்கி ஓட்டினால் ஓரளவு போயிற்று. அதன் மிக நீண்ட பயணம் 148 கி.மீ., அத்தனையும் பின்னோக்கி. எங்கள் வண்டியும் களியில் பின்னோக்கிச் சற்று வேகமாகவே போகிறது. பாரம் எங்கே உட்காருகிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன், பேட்டரியை இன்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

எட்டாம் படி: கழுவுதல்

அன்றன்றே கழுவுங்கள். களி காய்ந்தால் இதழின் அடியில் செங்கல்லாகிவிடும், சுரண்டும்போது ஒட்டு விட்டுப்போகும். கிழங்கு மாவு இன்னும் மோசம், பசைபோல இறுகும். பெல்ட்டைக் கழற்றித் தனியாகத் துடைத்து, புஷ்ஷில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

ஏரிக்குப் போகும்போதெல்லாம் வண்டியைச் சாக்கில் சுற்றி, என் மொபெட்டின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, அவள் பின்னால் உட்கார்ந்து கம்பியையும் சுவிட்சையும் மடியில் வைத்துக்கொள்வாள். தார்ச்சாலை முடிந்து மண் இளகும் இடம் வந்ததும் "சித்தப்பா, நிறுத்துங்கள், இங்கேயே இறக்கிவிடலாம்" என்பாள்.